எங்க அவுக பேரு

தமிழ்மதிக்குப் பழுது என்றால் பண்டிகை. கொடைக்கானல் ஏழுரோட்டுப் பக்கத்தில், ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே நிற்கவேண்டிய அளவில் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். பிரிண்டர் தாளை இழுக்கவில்லை, கீபோர்டில் டீ கொட்டிவிட்டது என்று வருகிறவர்களுக்கும் வேலை செய்துகொடுப்பாள்தான், ஆனால் அதில் அவளுக்கு ருசி இல்லை. 'என்னமோ பண்ணுது, என்னன்னு தெரியல' என்று யாராவது வந்து நின்றால்தான் முகம் மலரும். அப்படிப்பட்டவளுக்கு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு, கூக்கால் கிராமத்திலிருந்து போன் வந்தது.

பேசியவர் அன்னக்கொடி. மேல்மலையில் பூண்டு போடுகிற விவசாயிகள் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு அவர்தான் செயலாளர். ஐம்பதைத் தொடுகிற வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டியே ஊருக்கு வேண்டியதையெல்லாம் வரவழைத்துக்கொண்டிருப்பவர். அவர் பதறி தமிழ்மதி பார்த்ததில்லை. அன்றைக்குக் குரல் பதறியது. கடுதாசி போகிறது, பதில் வரமாட்டேன் என்கிறது, மூன்று தடவை அனுப்பியாயிற்று, இன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது என்றார்.

"மிசின்ல என்னமோ கோளாறு தாயி. வெரசா வா. பஸ்ஸு போயிரும்."

எந்த பஸ் என்று தமிழ்மதி கேட்கவில்லை. அந்த பஸ்ஸைப் பற்றி இரண்டு மாதமாக அன்னக்கொடி சொல்லாத நாள் இல்லை. கூக்காலுக்கு வருகிறதே ஒன்றிரண்டு வண்டி. காலையில் கொடைக்கானலுக்குக் கல்லூரி போகிற நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. அன்னக்கொடியின் மகள் சுகன்யாவுக்கு இந்த வருஷம் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, விடுதியில் கிடைக்கவில்லை. வகுப்பு வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது. அவளோடு சேர்த்து ஊரில் ஒன்பது பிள்ளைகளுக்கு இதே கதை. அன்னக்கொடி போக்குவரத்துக் கிளை மேலாளருக்கு ஒரு மெயில் போட்டார். அந்த மனிதர் மறுநாளே பதில் எழுதினார். காலை வண்டி விடலாம், ஆனால் பஸ் திரும்புவதற்கு ஊர் முனையில் சமதளமாக இடம் வேண்டும். இடத்துக்காரரின் சம்மதக் கடிதமும் இடத்தின் படமும் இந்த வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் மெயிலில் வந்துவிட்டால் புது நேரப்பட்டியலில் கூக்காலைச் சேர்த்துவிடுவார். வராவிட்டால் அடுத்த பட்டியல் ஆறு மாதம் கழித்து. ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால் எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும்?

தமிழ்மதி கடையைத் திறக்கக்கூட இல்லை, ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள். பூம்பாறை தாண்டியும் பனிமூட்டம் விலகவில்லை. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கை நம்பித்தான் வளைவுகளில் திரும்பினாள். விரல்கள் மரத்துவிட்டன, உள்ளுக்குள் மட்டும் ஒரே கொண்டாட்டம். கடுதாசி போகிறது. திரும்பி வரவில்லை. பதிலும் இல்லை. அப்படியானால் அது எங்கேயோ போய் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே? வழி நெடுக அவள் இதையே மென்றுகொண்டு வந்தாள். கூக்கால் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதேகால்.

குழு அலுவலகம் என்பது பூண்டு மூட்டை அடுக்குகிற கிடங்கின் மாடியில் ஓர் அறை. கூரைமேல் கட்டிய டிஷ் வழியாக நெட் வரும், மூட்டம் கனத்தால் வராது. அதனால்தான் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்து வேலை செய்கிற மெயில் புரோகிராம் ஒன்றை தமிழ்மதி அங்கே போட்டுக்கொடுத்திருந்தாள். எழுதி 'அனுப்பு' என்று அழுத்திவிட்டால் அது காத்துக்கிடந்து, லைன் வருகிறபோது அனுப்பிக்கொள்ளும். அன்னக்கொடிக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்பார்.

ஒரு கையில் அன்னக்கொடி கொடுத்த காப்பியும் மறு கையில் மவுஸுமாக தமிழ்மதி உட்கார்ந்தாள். போகவேண்டிய கடுதாசிகள் காத்திருக்கிற பெட்டியை முதலில் திறந்தாள். காலி. போனவை இருக்கிற பெட்டியில் மூன்றும் இருந்தன, தேதி வாரியாக, ஒழுங்காக. குப்பை மெயில் பெட்டியில் யாரோ ஒரு வெளிநாட்டு இளவரசரைத் தவிர வேறு ஆள் இல்லை. தன் சொந்த முகவரிக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாள், அரை நிமிஷத்தில் அவள் போன் சிணுங்கியது. முகவரி தவறு என்று திரும்பி வந்த கடுதாசி ஏதாவது உண்டா என்று தேடினாள், அதுவும் இல்லை. மிஷின் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. நேரே போன் போட்டுக் கேட்டால் என்ன என்றதற்கு, மேலாளர் கொடுத்திருந்த ஆபீஸ் நம்பர் நாலு நாளாக அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை என்றார் அன்னக்கொடி.

தமிழ்மதிக்குக் காது மடல் சூடேறியது. சுலபமான காரணம் எல்லாம் தீர்ந்துபோய், சுலபமில்லாத ஒன்று எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தெரிகிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் அவள் இந்தத் தொழிலுக்கே வந்தாள். இப்படி முட்டிக்கொண்டால் கேட்பதற்கு அவளிடம் இரண்டு கேள்விகள் உண்டு. கடைசியாக ஒழுங்காக வேலை செய்தது எப்போது? அதற்குப் பிறகு என்ன மாறியது?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். போன மாதம் பத்தாம் தேதி அன்னக்கொடி மேலாளருக்கு எழுதியிருக்கிறார், பதினொன்றாம் தேதி பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு போட்ட மூன்றுக்கும் பதில் இல்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் அன்னக்கொடி மேலே பார்த்து யோசித்தார்.

"ஒண்ணும் மாறலயே. பதினஞ்சாம் தேதி நீ வந்து பேரையெல்லாம் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போனே. அம்புட்டுத்தான்."

தமிழ்மதி காப்பியைக் கீழே வைத்தாள்.

உண்மைதான். வைரஸ் பார்க்க வந்தவள், போகிற போக்கில் முகவரிப் புத்தகத்தையும் திறந்தாள். உள்ளே கிடந்த கோலத்தைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஆள் மூன்று பேரில் இருந்தார். குழு உறுப்பினர் பட்டியலிலிருந்து வந்த பேர் ஒன்று, அன்னக்கொடி கையால் எழுதியது இன்னொன்று, புரோகிராம் தானாகவே பொறுக்கி வைத்துக்கொண்டது மற்றொன்று. யாரும் கேட்காமலே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒரே ஆளுக்கு ஒரே அட்டை என்று எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்தாள். அப்புறம், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, நீள நீள முகவரிகளை மறைத்து, பேரை மட்டும் காட்டும்படியும் வைத்தாள். கூலி வாங்கவில்லை. அன்பளிப்பு என்று சொல்லிவிட்டு, தன்னைத்தானே மெச்சிக்கொண்டு மலை இறங்கினாள்.

இப்போது போன கடுதாசிகளில் கடைசியை மட்டும் திறந்தாள். வாடிக்கைக்காரர்களின் கடுதாசியை வாசிப்பதில்லை என்று அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, அதனால் கண்ணை மேல் வரியிலேயே நிறுத்தினாள். பெறுநர் என்ற இடத்தில் 'எங்க அவுக பேரு' என்று இருந்தது. அதற்கு முந்தியதிலும் அதேதான். முதலாவதிலும் அதேதான்.

அந்தப் பேரை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்குச் சிரித்திருக்கிறாள். மேல்மலையில் அன்னக்கொடியின் வயதுப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. அவுக, வீட்டுக்காரர், சுகன்யா அப்பா, இப்படி ஏதாவது ஒன்றை வைத்துச் சமாளிப்பார்கள். முகவரிப் புத்தகத்திலும் அதே வீம்பா என்று நினைத்துக்கொண்டாள். உறுப்பினர் பட்டியலில் 'ஆண்டிச்சாமி, கூக்கால்' என்று அவர் கணவர் இருந்தார். அதே பேர், அதே எழுத்து, முகவரியின் கடைசியில் மட்டும் ஓர் எண், 71. 'எங்க அவுக பேரு' அட்டையிலும் அதே முகவரி, ஆனால் கடைசியில் 68. ஒற்றை விரல் தட்டச்சு, எண் மாறிப் போயிருக்கும் என்று முடிவுகட்டி, 68ஐ அழித்துவிட்டு 71ஐ வைத்தாள். மனைவி ஆசையாக வைத்த பேர் ஆயிற்றே என்று அந்தப் பேரை மட்டும் அப்படியே விட்டாள்.

"அக்கா, இந்த 'எங்க அவுக பேரு' உங்க வீட்டுக்காரர்தானே?"

"இல்ல தாயி. அது பஸ்ஸு மேனேசரு."

"அப்புறம் எதுக்கு அப்பிடிப் போட்டீங்க?"

அன்னக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஊரையே கட்டி மேய்க்கிற அந்த முகத்தில் வெட்கம் வந்தது.

"பேரு எங்க அவுக பேருதான். ஆளு வேற. அதை நான் எப்பிடித் தட்டுவேன்?"

தமிழ்மதி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். இருபது வருஷமாக உலகத்தில் மெயில் புரோகிராம் எழுதுகிறவர்கள் யாருக்கும் இப்படி ஒரு பழுது வந்து வாய்த்திருக்காது என்று சத்தியம் செய்வாள். மேலாளர் பேரும் ஆண்டிச்சாமி. ஆபீஸ் மெயில் சரிவரத் திறப்பதில்லை என்று அவர் தன் சொந்த முகவரியைக் கொடுத்திருக்கிறார். 68 தவறில்லை, அது மேலாளருடைய எண். பேரை மட்டும் காட்டு என்று அவளே திரையை மூடி வைத்ததால், பின்னால் முகவரி மாறிப்போனது அன்னக்கொடிக்குத் தெரிய வழியே இல்லை. 'எங்' என்று இரண்டு எழுத்துத் தட்டியதும் மிச்சத்தை மிஷின் நிரப்பிக் கொடுத்திருக்கிறது, அவரும் நம்பி அனுப்பியிருக்கிறார். மேலாளரின் பழைய கடுதாசியிலேயே 'பதில்' பொத்தானை அழுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஏன் அழுத்தவில்லை என்றால், பெரிய மனுசருக்கு எழுதும்போது பழைய தாளின் மிச்சத்திலா எழுதுவார்கள், புதுத் தாள் எடுக்க வேண்டாமா என்று அன்னக்கொடி திருப்பிக் கேட்டார்.

கண்டுபிடித்த சந்தோஷம் அரை நிமிஷம்தான் நின்றது. பிறகு, செய்தது யார் என்பது மண்டையில் இறங்கியது. மறைத்திருக்கலாம். மிஷின்மேல் பழியைப் போட்டிருந்தால் அன்னக்கொடி நம்பியிருப்பார். கடை தொடங்கி இரண்டு வருஷம், மேல்மலை வாடிக்கை முழுக்க இவர் ஒருவர் சொல்லி வந்ததுதான். ஆனாலும் தமிழ்மதி நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தப்பு என்னுதுங்க அக்கா. நான்தான் ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிட்டேன்."

அன்னக்கொடி அவளை ஒரு நொடி பார்த்தார். திட்டுவதற்கு இப்போது நேரமில்லை, மணி பத்து, முதலில் அந்த மனுசருக்கு ஒழுங்காகப் போகிற மாதிரி செய் என்று மட்டும் சொன்னார். மேலாளரின் பழைய கடுதாசியிலேயே முகவரி இருந்தது. தமிழ்மதி புது அட்டை போட்டாள், இருவரும் முகவரியை 68 வரை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து, 'பஸ் ஐயா' என்று பேர் வைத்தார்கள். இரண்டு நிமிஷ வேலை. இனி சம்மதக் கடிதத்தையும் படத்தையும் கொடுங்கள், இப்போதே சேர்த்து அனுப்பிவிடலாம் என்று கை நீட்டினாள்.

அன்னக்கொடி திரையில் திறந்து கிடந்த மூன்றாவது கடுதாசியைக் காட்டி, நீயே படி என்றார். தமிழ்மதி தன் கட்டுப்பாட்டை மீறி அன்றைக்குத்தான் முதல்முதலாக வாசித்தாள்.

'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். முன்பு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. எங்கள் ஊரில் பஸ் திரும்புகிற அளவுக்குச் சமமான இடம் ஒன்றே ஒன்றுதான். அது என் வீட்டுக்காரரின் தோட்டத்தில் ரோட்டோர மூலை. நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. முன்பு தண்ணீர்த் தொட்டிக்கு அந்த மூலையைக் கேட்டு அவர் மறுத்துவிட்டார். அதனால் ஊரில் அவரைக் கொஞ்சம் குறைவாகப் பேசுவார்கள். ஐயா, அவர் நல்ல மனிதர். வெறும் பாறையாகக் கிடந்த இடத்தில் கல் பொறுக்கி, எரு சுமந்து அவர் உண்டாக்கிய மண் அது. மகளுக்காகக் கேட்டால் தந்துவிடுவார். மனசு நொந்து தருவார், வெளியே சொல்லமாட்டார். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே பஸ் திரும்ப வேறு ஏதாவது வழி உண்டா என்று ஐயா அவர்கள் சொல்ல வேண்டும்.'

வாசித்து முடித்ததும் தமிழ்மதி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். ஊரில் முக்கால்வாசிப் பேரும் இன்னொருவர் கடுதாசியை வாசிக்க ஆசைப்படுவார்கள், ஆனால் தன்னைப் பற்றிப் பெண்டாட்டி யாரோ ஒரு வெளியாளுக்கு எழுதியதை வாசிக்கிற யோகம் யாருக்கு வாய்க்கும்? இந்த மூன்றும் 71க்கல்லவா போயிருக்கிறது? மெல்லக் கேட்டாள், அண்ணன் மெயில் பார்ப்பாரா என்று.

அன்னக்கொடிக்கு அது அப்போதுதான் உறைத்தது. மிஷின் சரியாகிவிட்டது என்ற நிம்மதியில் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது.

"தெனமும் பாப்பாக. பூண்டுக்கு மருந்தடிக்கிற சேதியெல்லாம் அதுலதான வருது."

அவர் பயந்தது எதற்கு என்று தமிழ்மதிக்குப் புரிந்தது. வீட்டுக்குள் ஒரு வார்த்தை பேசாமல், முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் வீட்டு விஷயத்தைக் கொட்டியிருக்கிறார். தண்ணீர்த் தொட்டிப் பேச்சையும் எடுத்திருக்கிறார். ஆண்டிச்சாமி பேச்சுக் குறைந்த ஆள், ரோஷக்காரர். அந்த மூலையைப் பற்றி யாராவது வாயெடுத்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார் என்று அன்னக்கொடியே சொல்லியிருக்கிறார். மூன்று கடுதாசி வாசித்துவிட்டு மனிதர் வீட்டில் எப்படி இருந்தார் என்று கேட்டால், எப்போதும்போலத்தான் இருந்தார், மூன்று நாளாக மட்டும் சோலி கிடக்கிறது என்று வெள்ளனே எழுந்து போய்விடுகிறார், முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மணி பத்தேகால். உட்கார்ந்தால் பஸ் போய்விடும். தமிழ்மதி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். தெரிந்தது தெரிந்துபோயிற்று, இனிமேல் நேரில் கேட்பதைத் தவிர வழி இல்லை, திட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அன்னக்கொடி எழுந்தார். படியில் இறங்கும்போது ஒரு தடவை நின்றார், பிறகு என்ன நினைத்தாரோ, தமிழ்மதிக்கு முன்னால் வேகமாக இறங்கிப் போய் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

தோட்டம் ஏரி தாண்டி, ரோடு ஊருக்குள் நுழைகிற இடத்தில் இருந்தது. காலையில் தமிழ்மதி அதைக் கடந்துதான் வந்தாள், மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் வெளுத்திருந்தது. வளைவில் திரும்பியதும் அன்னக்கொடி அவள் தோளைப் பிடித்து அழுத்தினார். தமிழ்மதி பிரேக்கைப் போட்டாள்.

பச்சைப் பசேலென்று பூண்டு நிற்கவேண்டிய ரோட்டோர மூலையில் பூண்டு இல்லை. வரப்பு இல்லை. வேலி இல்லை. ஒரு பஸ் தாராளமாக வட்டமடிக்கிற அளவுக்கு மண் வெட்டிச் சமப்படுத்தி, மேலே சரளை பரப்பிக் கிடந்தது. இன்னும் ஒன்றரை மாதம் மண்ணுக்குள் இருக்கவேண்டிய பூண்டு தாளோடு பிடுங்கப்பட்டு ஓரத்தில் குவியலாக இருந்தது. நடுவில் ஆண்டிச்சாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு மேட்டைக் கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக ஊரே அந்த வழியாகப் போய்வந்திருக்கிறது. ஒருவரும் அன்னக்கொடியிடம் சொல்லவில்லை, அவர் புருஷன் தன் தோட்டத்தில் செய்கிற வேலையை அவரிடமே போய் யார் சொல்வார்கள்?

அன்னக்கொடி இறங்கி ரோட்டிலேயே நின்றார். கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் கூட்டிவைத்த வார்த்தை ஒன்றுக்கும் இப்போது வேலை இல்லை. ஆண்டிச்சாமி நிமிர்ந்து பார்த்தார். கடப்பாரையை ஊன்றி நிறுத்தினார்.

"சம்மதக் கடுதாசி வெள்ளத் தாள்ல எழுதினாப் போதுமா, முத்திரத் தாளு வேணுமா? உன் கடுதாசியில அது ஒண்ணுதான் இல்ல."

தமிழ்மதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெள்ளைத் தாளே போதும் என்று அவள்தான் பதில் சொன்னாள். ஆண்டிச்சாமி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனைவியைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துப் பேசினார்.

"முத வரி வாசிக்கயிலயே எனக்கு வந்தது இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. நீ எந்தக் காலத்துல என்னைய ஐயான்னுருக்கே? தெரிஞ்சும் வாசிச்சுட்டேன். மூணாவத நாலு வாட்டி வாசிச்சேன்."

தமிழ்மதி பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து, பின்பக்கம் வெறுமையாக இருந்த ஒரு தாளைக் கிழித்தாள். பெரிய மனுசருக்குப் போகிற கடுதாசி, புதுத் தாளாக எடுக்கவேண்டும் என்று அன்னக்கொடி அந்த நேரத்திலும் தடுத்தார். ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. ஆண்டிச்சாமி ஸ்கூட்டர் சீட்டின்மேல் தாளை வைத்து, பெரிய பெரிய எழுத்தில், கூக்கால் ஆண்டிச்சாமி ஆகிய நான் என்று தொடங்கி ஐந்து வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தமிழ்மதி இடத்தை நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தாள். அகலம் தெரியவேண்டுமென்று இருவரையும் இரண்டு மூலையில் நிற்கவைத்தும் ஒன்று எடுத்தாள். மணி பதினொன்று ஆகியிருந்தது.

அலுவலகத்துக்கு வந்து கடிதத்தையும் படங்களையும் சேர்த்து, பெறுநர் இடத்தில் 'பஸ் ஐயா' போட்டு, முகவரியைத் திறந்து 68 இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்து, 'அனுப்பு' அழுத்தினாள். போகவில்லை. மூட்டம் மறுபடி இறங்கிவிட்டது. காத்திருக்கிற பெட்டியில் ஒன்று என்ற எண் விழுந்து, அசையாமல் நின்றது. பதினொன்று பத்து. பதினொன்று இருபத்தைந்து. போனில் முயன்றால், காலையில் இருந்த சிக்னலும் போய், ஒரு கோடுகூட இல்லை. பதினொன்றரைக்கு தமிழ்மதி நகம் கடிக்க ஆரம்பித்தாள், அன்னக்கொடி திரையில் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே நடந்து வந்து வாசலில் நின்ற ஆண்டிச்சாமி, நெட் எதன் வழியாக வருகிறது என்று கேட்டார். தமிழ்மதி வெளியே வந்து டிஷ்ஷைக் காட்டினாள். போன வாரக் காற்றில் முறிந்து கூரைக்கு மேலே தொங்கிய யூகலிப்டஸ் கிளை ஒன்று இப்போது சரிந்து அதன்மேல் கிடந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். ஏணியைச் சாத்தி அவர் ஏறினார். கிளையை இழுத்துக் கீழே தள்ளி, தலைத் துண்டால் டிஷ்ஷில் வடிந்த ஈரத்தைத் துடைத்தார். ஆச்சா, ஆச்சா என்று மேலேயிருந்து கேட்டபடியே இருந்தார். பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு, ஒன்று என்பது மறைந்து பெட்டி காலியானது.

தமிழ்மதி துள்ளியே விட்டாள். பிறகுதான் மூவருக்கும் விளங்கியது, போனது மட்டும்தான் தெரியும், அவர் பார்த்தாரா என்பது தெரியாது. பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டு நாலு. கெடு தாண்டிவிட்டது, மனிதர் பட்டியலை மூடிவிட்டு எழுந்து போயிருப்பார் என்று தமிழ்மதிக்குத் தோன்றியது, வாய்விட்டுச் சொல்லவில்லை. தான் அழகுக்காகச் செய்த ஒரு காரியத்துக்கு ஒன்பது பிள்ளைகள் வீட்டில் உட்காரவேண்டுமா என்று நினைக்க நினைக்கக் கண் கலங்கியது. பன்னிரண்டு ஆறுக்கு மிஷின் சின்னதாக ஒரு மணி அடித்தது.

அன்னக்கொடி எழுத்துக் கூட்டுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாக வாசித்தார். படமும் கடிதமும் நேரத்துக்குக் கிடைத்தன. இடம் போதுமானது. பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு முதல் வண்டி கூக்காலிலிருந்து புறப்படும்.

அவர் அதை இரண்டாவது தடவையும் வாசித்தார். மூன்றாவது தடவை வாசிக்கும்போது குரல் உடைந்தது. தமிழ்மதி அவரைக் கட்டிக்கொண்டாள். கிடங்கில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டுப் படியில் ஏறி வந்தார்கள், சேதியைக் கேட்டதும் வந்த வேகத்திலேயே ஊருக்குச் சொல்ல இறங்கி ஓடினார்கள். கூட்டம் கலைந்த பிறகு அறையில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். ஆண்டிச்சாமி கதவோரம் நின்று ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அன்னக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"மூணு நாளா மண்ணு வெட்டியிருக்கீக. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். தமிழ்மதி சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.